புள்ளடியும் கறுப்பு வட்டமும்

சென்ற வருடம் எங்கள் பிரதேசத்தில் நடந்த உயிரியல் முன்னோடிப் பரீட்சை ஒன்றில் பல்தேர்வுப் பகுதிக்கு எனக்குக் கிடைத்த புள்ளி 50க்கு 11. வினாத்தாளில் நான் குறித்து வைத்திருந்த விடைகளை வீட்டில் சரிபார்த்தபோது 36 சரியாக இருந்தன. இதை யாரிடம் சொல்வது? உம்மா எதுவும் பேசவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது வாப்பா மெதுவாக, "மகள், பயோ கஷ்டமெண்டா ஆர்ட்ஸுக்கு மாறுவமா?" என்று கேட்டார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தப் பரீட்சையின் விடைத்தாள்களை ஆசிரியர்கள் திருத்தவில்லை. ஒரு பல்கலைக்கழகத்தில் உள்ள இயந்திரத்தில் கொடுத்துத் திருத்தியிருந்தார்கள். எங்கள் டீச்சர் கேட்டு எடுத்துத் தந்த என் விடைத்தாளைப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. வட்டங்களை முழுமையாகக் கறுப்பாக்கச் சொல்லியிருந்த இடத்தில் நான் எல்லாவற்றுக்கும் புள்ளடி போட்டிருந்தேன்.

அது பழக்கத்தால் வந்த தவறு. நமது க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் சரியான அல்லது மிகப் பொருத்தமான விடையின் இலக்கத்தின் மீது புள்ளடி இடும்படிதான் கேட்கிறார்கள். கடந்தகால வினாத்தாள்களைச் செய்து செய்து கையும் அதற்கே பழகிவிட்டது. அந்த விடைத்தாளைத் திருத்துவதற்கு ஆசிரியர்கள் பயன்படுத்துவது துளைத்தாள். சரியான விடைகள் இருக்கும் இடங்களில் மட்டும் துளையிடப்பட்ட ஒரு தாள் அது. திருத்துபவர் முதலில் விடைத்தாளை நன்றாகப் பார்ப்பார். ஒரு வினாவுக்கு இரண்டு புள்ளடி இருந்தாலோ, ஒன்றுமே இல்லாவிட்டாலோ அந்த வரியைக் கோடு கீறி வெட்டிவிடுவார். பின்னர் துளைத்தாளை மேலே வைத்து, துளை வழியாகத் தெரியும் புள்ளடிகளை எண்ணுவார். மெல்லிய புள்ளடியானாலும் மனிதக் கண் அதைக் கண்டுகொள்ளும்.

இயந்திரத்தின் கண் அப்படிப்பட்டதல்ல. அதற்குப் புள்ளடி என்றால் என்னவென்று தெரியாது. விடைத்தாளின் மீது ஒளியைப் பாய்ச்சி, ஒவ்வொரு வட்டமும் எவ்வளவு கறுப்பாக இருக்கிறது என்பதை மட்டுமே அளக்கும். குறித்த ஓர் அளவுக்கு மேல் கறுப்பாக இருந்தால் 'விடை', குறைவாக இருந்தால் 'வெற்றிடம்'. இரண்டு மெல்லிய கோடுகள் ஒரு வட்டத்தில் எவ்வளவு இடத்தை மறைக்கும்? பெரும்பகுதி வெள்ளையாகத்தானே இருக்கும். மிக நிச்சயமாகத் தெரிந்த விடைகளுக்கு நான் அழுத்தி, இரண்டு மூன்று தடவை மேலே மேலே கீறுவது வழக்கம். அந்த 11 விடைகள் மட்டும் இயந்திரத்தின் கண்ணில் பட்டிருக்கின்றன.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பாடசாலை ஆசிரியராக இருந்த ரெனால்ட் ஜோன்சன் என்பவர்தான் இதற்கு வழி காட்டியவர்களில் முக்கியமானவர். பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதை வைத்து, பென்சில் குறிகளை மின்சாரத்தால் எண்ணும் முறையை அவர் உருவாக்கினார். ஐபிஎம் நிறுவனம் அவரைச் சேர்த்துக்கொண்டு 1938இல் ஐபிஎம் 805 என்ற இயந்திரத்தை வெளியிட்டது. மின்சாரத்துக்குப் பதிலாக ஒளியைப் பயன்படுத்தும் இயந்திரத்தை 1950களின் நடுப்பகுதியில் உருவாக்கியவர் அயோவா பல்கலைக்கழகப் பேராசிரியர் லின்ட்குவிஸ்ட். இன்று இந்தியாவில் மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வை இலட்சக்கணக்கானோர் எழுதுவதும் வட்டங்களைக் கறுப்பாக்கும் இத்தகைய தாளில்தான். அங்கே சரியான விடைக்கு 4 புள்ளி, பிழையான விடைக்கு 1 புள்ளி கழிக்கப்படும். நமது உயர்தரத்தில் அவ்வாறு கழிப்பதில்லை. ஆகவே இங்கே எந்த வினாவையும் வெறுமையாக விட்டு வரக்கூடாது.

இயந்திரம் வேகமாகத் திருத்தும் என்பது மட்டுமல்ல அதன் நன்மை. ஒவ்வொரு வினாவுக்கும் எத்தனை பேர் எந்த விடையைத் தெரிவு செய்தார்கள் என்ற பட்டியலையும் அது தந்துவிடும். அதிக புள்ளி பெற்ற 27 சதவீதத்தினரையும் குறைந்த புள்ளி பெற்ற 27 சதவீதத்தினரையும் ஒப்பிட்டு, ஒரு வினா நல்ல வினாவா என்று சோதிக்கும் முறை உண்டு. கெட்டிக்காரப் பிள்ளைகள் பிழைவிட்டு, மற்றவர்கள் சரியாகச் செய்திருந்தால், அந்த வினாவிலோ அதற்குத் தரப்பட்ட விடையிலோ ஏதோ கோளாறு என்று சந்தேகிக்கலாம். எங்கள் வகுப்பில் சிறுநீரகத்தி பற்றிய ஒரு வினாவுக்குப் பெரும்பாலானோர் ஒரே பிழையான விடையைக் குறித்திருந்தது அந்தப் பட்டியலில் தெரிந்தது. டீச்சர் அந்தப் பாடத்தை மறுபடியும் முதலிலிருந்து கற்பித்தார். கையால் திருத்தியிருந்தால் அது அவ்வளவு சுலபமாகக் கண்ணில் பட்டிருக்காது.

இத்தகைய தாள் உங்கள் கைக்கு வந்தால் சில விடயங்களைக் கவனியுங்கள், சகோதரிகளே. முதலில் மேலே அச்சிட்டிருக்கும் அறிவுறுத்தலை வாசியுங்கள். சுட்டெண்ணுக்குரிய வட்டங்களைச் சரியாகக் கறுப்பாக்குங்கள். அது பிழைத்தால் உங்கள் புள்ளி வேறொருவருடையதாகிவிடலாம். பென்சில் என்றால் அழிக்கும்போது சுத்தமாக அழியுங்கள். அரைகுறையாக அழித்த வட்டத்தை இயந்திரம் இரண்டாவது விடையாக எடுத்துக்கொள்ளும். தாளின் ஓரத்தில் இருக்கும் சிறு கறுப்புக் கட்டங்களில் கீறவோ, தாளை மடிக்கவோ வேண்டாம். வரிகள் எங்கே இருக்கின்றன என்பதை இயந்திரம் அவற்றைக் கொண்டுதான் அறிகிறது. ஒரு வினாவை விட்டுச் சென்றால் விடைத்தாளிலும் அந்த வரியை விட்டுவிடுங்கள். ஒரு வரி மாறினால் அதன் பிறகு எல்லாம் மாறும். இந்தக் கடைசி விடயம் புள்ளடிக்கும் பொருந்தும்.

இது சின்ன விடயமல்ல. பல்கலைக்கழக அனுமதிக்கான இஸட் புள்ளி நான்கு தசம தானங்கள் வரை பார்க்கப்படுகிறது. பின்தங்கிய மாவட்டங்களுக்கான ஒதுக்கீடு நமது அம்பாறை மாவட்டத்துக்கும் உண்டு என்றாலும், அதற்குள்ளும் போட்டி கடுமையானது. தெரிந்த விடைக்குப் புள்ளியை இழப்பது, படித்த இரவுகளை இழப்பது போன்றது.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளை குறைந்த புள்ளியோடு வந்தால், பாடத்தை மாற்றுவதற்கு முன் விடைத்தாளைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளைக்குப் பாடம் விளங்கவில்லையா, குறிக்கத் தெரியவில்லையா என்பதை அந்தத் தாள் சொல்லும்.

என் வாப்பா அந்தத் தாளை மேசையில் விரித்து, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகச் சரியான விடைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். 36 வரை எண்ணி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அப்ப பயோவே படி மகள்" என்றார். பிறகு தாளின் மேல்பக்கத்தைக் காட்டி, "இனிமே இதையும் வாசி" என்றார்.

— உயர்தர மாணவி, உயிரியல் பிரிவு