மூக்கில் வைத்த கட்டைவிரல்

லேப்ல மூணு ரீடிங் மட்டும் எடுத்துட்டு, மீதி ஏழையும் கிராஃப் கோட்டைப் பார்த்து நிரப்பாதவங்க யாராவது இருந்தா கை தூக்குங்க. யாரும் இல்லையா? சரி. இதையே ஊரறியச் சொல்லிட்டுச் செய்ற ஒரு கூட்டம் இருக்கு: தொல்லுயிரியலாளர்கள். டைனோசர் முழு எலும்புக்கூடாகக் கிடைப்பது அபூர்வம். ஒரு பல், பாதித் தாடை, ரெண்டு முதுகெலும்பு, அவ்ளோதான். மீதி உடம்பை எங்கிருந்து எடுப்பது? இந்தக் கேள்வியால் இகுவானோடான் என்ற தாவர உண்ணி பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்ல.

கிடியன் மான்டெல், இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் ஒரு டாக்டர். 1820களின் தொடக்கத்தில் அவர் கையில் சில பெரிய பற்கள் சிக்கின. மேல்பகுதி தேய்ந்து தட்டையாக இருந்தது. அப்படின்னா இலை தழையை அரைத்துத் தின்ற விலங்கு. ஆனால் அன்று தெரிந்த ஊர்வன எதுவும் இப்படி அரைத்துத் தின்பதில்லை. அன்றைய எலும்பியல் உலகின் பெரிய தலை, பாரிஸைச் சேர்ந்த குவியே, முதலில் இதைக் காண்டாமிருகப் பல் என்றே சொல்லிவிட்டார். (பிறகு மாற்றிக்கொண்டார்.) கடைசியில் லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் சாமுவேல் ஸ்டட்ச்பரி என்பவர் இகுவானா என்ற பெரிய பல்லியைக் காட்ட, பல்லின் வடிவம் ஒத்துப்போச்சு. அளவு மட்டும் பல மடங்கு. 1825இல் பெயர் வைத்தாயிற்று: இகுவானோடான், அதாவது 'இகுவானாப் பல்'.

அடுத்துதான் வில்லங்கம். பல் இத்தனை மடங்குன்னா உடம்பும் அத்தனை மடங்கு என்று கணக்குப் போட்டால் 60 அடி நீளம் வருது! பெருக்கலில் தப்பில்ல. ஒரே ஒரு புள்ளியை வெச்சுக்கிட்டு நேர்கோடு போட்டதுதான் தப்பு. பல்லும் உடம்பும் எல்லா விலங்குக்கும் ஒரே விகிதத்தில் வளர்வதில்லை. நிஜ இகுவானோடான் சுமார் 10 மீட்டர், 33 அடிதான்.

1834இல் மெய்ட்ஸ்டோன் ஊர்க் குவாரியில் ஒரு பாறைப் பலகை கிடைத்தது. அதில் எலும்புகள் கலைந்து கிடந்தன. மான்டெலிடம் கூம்பு மாதிரி ஓர் எலும்புமுள்ளும் இருந்தது. இதை எங்கே மாட்டுவது? சில இகுவானாக்களுக்கு மூக்கில் சின்னக் கொம்பு உண்டே! தூக்கி மூக்கில் வைத்தார் மான்டெல். முன்னங்கால்கள் மெலிந்தவை என்று பிற்காலத்தில் அவருக்கே புரிந்தது. ஆனாலும் 1854இல் லண்டன் சிடன்ஹாமில், ரிச்சர்ட் ஓவனின் ஆலோசனைப்படி வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் செய்து நிறுத்திய சிலைகள், காண்டாமிருகம் போல நாலு தடித்த கால், மூக்கில் கொம்பு என்றே நின்றன. அந்த அச்சுக்குள்ளேயே 1853 டிசம்பர் 31 அன்று அறிஞர்களுக்கு விருந்து வேற. டிசைன் ரிவ்யூ முடியறதுக்கு முன்னாடியே ட்ரீட்!

1878இல் பெல்ஜியத்தின் பெர்னிசார் நிலக்கரிச் சுரங்கத்தில், 322 மீட்டர் ஆழத்தில், தொழிலாளர்கள் எலும்புகளை வெட்டினார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட இகுவானோடான்கள். பலவற்றில் எலும்புகள் மூட்டோடு மூட்டாகச் சேர்ந்தே இருந்தன. அந்த முள் எங்கே இருந்தது தெரியுமா? கையில். அது கட்டைவிரல்!

கதை முடிஞ்சதுன்னு நினைச்சீங்களா? பிரஸ்ஸல்ஸில் அவற்றை ஆராய்ந்த லூயி டோலோ, வாலபி என்ற சின்னக் கங்காருவின் எலும்புக்கூட்டையும் காசோவரிப் பறவையின் எலும்புக்கூட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். விளைவு, இகுவானோடான் வாலை ஊன்றி நிமிர்ந்து நின்றது. கிட்டத்தட்ட நூறு வருஷம் அதே போஸ். 1980இல் டேவிட் நார்மன் விரிவாக ஆராய்ந்தபோதுதான், அப்படி நிற்க வேண்டுமானால் வால் ஒடிந்தாக வேண்டும் என்று காட்டினார். முதுகெலும்பின் இருபுறமும் தசைநாண்கள் எலும்பாக இறுகி, குறுக்கும் நெடுக்கும் பின்னியிருந்தன. பாலத்து ட்ரஸ்ஸை நினைச்சுக்கோங்க. அவ்வளவு விறைப்பான வால், தரையில் வளையாது. பின்னால் நேராகத்தான் நீண்டிருக்கும். மணிக்கட்டு எலும்புகள் ஒன்றாக இணைந்திருந்தன, நடு மூன்று விரல்களின் நுனி குளம்பு போல. அப்போ கையும் எடை தாங்கியிருக்கு. இத்தனைக்கும் புது எலும்பு எதுவும் தேவைப்படவில்லை. எல்லாம் டோலோவின் கண்முன் இருந்ததுதான்.

இப்போதும் இட்டு நிரப்புகிறார்கள், ஆனால் நிபந்தனையோடு. இடது கால் இல்லையா, வலதைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பு. தலை இல்லையா, நெருங்கிய உறவினத்தின் தலையை அளவு மாற்றிப் பொருத்து. தசை எங்கே ஒட்டியிருந்தது என்பதற்கு எலும்பிலேயே தழும்பு இருக்கும். சந்தேகம் வந்தால், உயிரோடு இருக்கும் உறவினர்களான முதலையிடமும் பறவையிடமும் கேள். ரெண்டுக்கும் பொதுவாக இருப்பது டைனோசருக்கும் இருந்திருக்க நல்ல வாய்ப்புண்டு.

தோலும் நிறமும்தான் அதிர்ஷ்டம். சீனாவில் கிடைத்த சிட்டகோசரஸ் ஒன்றின் தோலில் நிறமித் தடயம் தங்கியிருந்ததால், முதுகு கருமை, வயிறு வெளுப்பு என்று 2016இல் சொல்ல முடிந்தது. கனடாவில் ஓர் எட்மான்டோசரஸின் தலையில் சேவல் கொண்டை மாதிரி வெறும் சதையாலான கொண்டை இருந்தது 2013இல் வெளியானது. மண்டையோடு மட்டும் கிடைத்திருந்தால் அதை யாரும் யூகித்திருக்கவே முடியாது. சேவலின் எலும்புக்கூட்டை மட்டும் பார்த்து அதோட கொண்டையை வரைங்களேன் பார்ப்போம்.

பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்தில் டோலோவின் இகுவானோடான்கள் இன்னமும் கண்ணாடிக் கூண்டுக்குள் நிமிர்ந்தே நிற்கின்றன. கழற்றி மாற்றினால் எலும்பு உடைந்துவிடும் என்பதால் அப்படியே விட்டுவிட்டார்கள். சிடன்ஹாம் பூங்காவிலும் மூக்கில் கட்டைவிரலோடு அந்தச் சிலைகள் இருக்கின்றன.