ஆடி அமாவாசையும் ஆற்றங்கரைக் குடில்களும்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் நமது ஏரல் வட்டாரத்தில் வீடுதோறும் ஒரு பேச்சு எழும்: "இவ்வாண்டு எங்கே தங்கப் போகிறோம்?" ஏரலில் சேர்மன் பதவி வகித்து 1908ஆம் ஆண்டு மறைந்த அருணாசல சுவாமியின் ஆலயத்திலே ஆடி அமாவாசைத் திருவிழா நடைபெறுகிறது. வெளியூர்க் குடும்பங்கள் நம் ஆற்றங்கரையை நாடி வருகின்றன. அதே அமாவாசைக்கு நம்மில் சிலர் மேற்கே பயணமாகி, பொதிகைமலைக் காட்டிலே காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலருகே குடில் போட்டுத் தங்குகின்றனர். ஒரே ஆற்றின் தலையிலும் கடையிலும் ஒரே நாளில் இரு விழாக்கள். இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பை அங்கத்தினர்கள் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குடும்பத்தோடு வெளியிடத்தில் சென்று தங்கும் வழக்கம் உலகெங்கும் உண்டு. அமெரிக்க நாட்டிலே அடுப்பும் படுக்கையும் அமைந்த வீட்டு வண்டிகளை ஓட்டிச் சென்று, ஏரிக்கரைகளிலும் மரக்குடில்களிலும் விடுமுறையைக் கழிக்கின்றனர். ஒகையோ, பென்சில்வேனியா மாநிலங்களில் அவ்வாறு செல்வோர், மோட்டார் வாகனத்தைச் சொந்தமாக வைத்துக்கொள்ளாமல் குதிரை வண்டியில் செல்லும் ஆமிஷ் என்னும் உழவர் சமூகத்தாரின் ஊர்களையும் கண்டு மகிழ்கின்றனர். இதனைப் புதுமையென்று நாம் வியக்க வேண்டுவதில்லை. நம் முன்னோரின் கூண்டு வண்டியும் அத்தகைய வீட்டு வண்டியே. அரிசி மூட்டையும் கருப்பட்டியும் பாத்திரங்களும் ஏற்றி, குழந்தைகளை வைக்கோல்மீது அமர்த்தி, இரவெல்லாம் மாடுகள் நடந்து சென்ற காலம் ஒன்று இருந்தது. பின்னர் லாரியும் வேனும் பேருந்தும் வந்தன. பயணத்தின் வேகம் மாறியது. அதன் நோக்கம் மாறவில்லை.

ஏரலிலிருந்து திருநெல்வேலி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் வழியாகப் பாபநாசத்தை அடைந்தால், அங்கிருந்து மலைப்பாதை தொடங்குகிறது. விக்கிரமசிங்கபுரத்தை நெசவாளர் மறக்கவியலாது. பாபநாசத்தில் விழும் நீரின் விசையைக் கொண்டு 1880களில் ஹார்வி சகோதரர்கள் நூற்பாலை நிறுவிய இடம் அது. மேலே 1940களில் கட்டி முடிக்கப்பட்ட காரையாறு அணை, 143 அடி நீர் தேக்கும் ஆழமுடையது. மலைகளுக்கிடையே ஏரிபோல் விரியும் அந்நீரே நம் வயலுக்கும் வாழைக்கும் வரும் நீர். அணைக்குக் கீழே ஆற்றங்கரையில் சொரிமுத்து ஐயனார் கோயில் அமைந்துள்ளது.

அங்கே தங்கும் நாட்களின் இன்பத்தை அனுபவித்தவரே அறிவர். நான்கு கம்பு நட்டுக் கூரை வேய்ந்தால் வீடு. மூன்று கல் கூட்டினால் அடுப்பு. ஒரு குடிலில் வைத்த குழம்பு அடுத்த குடிலுக்கும் செல்லும். பொங்கலிடுவோர், பூக்குழி இறங்குவோர், வில்லுப்பாட்டுக் கேட்போர் எனக் காடு ஓர் ஊராகிவிடும். பட்டவராயன் சந்நிதியில் தோல் செருப்பைக் காணிக்கையாக வைப்பது அங்குள்ள தனி வழக்கம். உயர்குலத்தில் பிறந்தும் சக்கிலியர் குலப் பெண்டிரை மணந்து, ஆநிரை காத்து உயிர்விட்ட முத்துப்பட்டனின் கதையே அதற்குக் காரணம். சாதி பாராத அன்பைப் போற்றும் அவ்விடத்தில் எல்லாக் குடில்களும் அருகருகே நிற்பது பொருத்தமே.

எனினும், விழா முடிந்த மறுநாள் அக்காடு எவ்வாறு இருக்கிறது? எச்சில் இலைகளும், பாலிதீன் பைகளும், சோப்பு உறைகளும், எண்ணெய்ப் புட்டிகளும் கரையெங்கும் கிடப்பதைப் பலரும் கண்டுள்ளனர். கீழே பாபநாசத்திலோ, நீராடியபின் உடுத்த துணியை ஆற்றிலேயே விட்டுவிடும் வழக்கம் பரவியுள்ளது. அவ்வாறு சேரும் துணிகளைக் குவியல் குவியலாக வாரியெடுக்க வேண்டியுள்ளது. பருத்தித் துணியாவது காலப்போக்கில் மக்கும். பாலியஸ்டர் எளிதில் மக்காது. பாறையிலும் மதகிலும் சிக்கி நீரோட்டத்தைத் தடுக்கும். ஒரு முழம் துணி வளர்வதற்குத் தறியில் நாடா எத்தனை முறை ஓடவேண்டும் என்பதை நாம் அறிவோம். அத்துணியை ஆற்றுக்குக் குப்பையாக அளிப்பது எவ்வகைப் புண்ணியம்?

தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. எட்டாவது ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. அதன் நீரை நம்பியதே நமது வட்டாரம். ஏழு அணைக்கட்டுகளைத் தாண்டி, இடையிலுள்ள ஊர்களின் கழிவையும் சுமந்து வரும் நீரே இங்கே வந்து சேருகிறது. தலைமடையில் பிறர் செய்யும் பிழைக்குக் கடைமடைக்காரர் வருந்துவது வழக்கம். ஆடி அமாவாசையிலோ கடைமடைக்காரராகிய நாமே தலைமடைக்குச் சென்று, நம் கிணற்றிலும் வயலிலும் பின்னர் வந்து சேரப்போவதை ஆற்றில் இட்டுத் திரும்புகிறோம்.

அக்காடு ஆளில்லாத இடமும் அன்று. மயிலார், இஞ்சிக்குழி, சேர்வலார் முதலிய இடங்களில் காணி மக்கள் வாழ்கின்றனர். நமக்குச் சில நாள் தங்குமிடமாக இருப்பது அவர்களுக்கு ஆண்டு முழுதும் வீடு. அவர்களிடம் தேனோ கிழங்கோ வாங்கினால் கேட்ட விலையைக் கொடுக்க வேண்டும். அனுமதியின்றிக் குடியிருப்பில் நுழைவதும் படமெடுப்பதும் முறையன்று. 1988ஆம் ஆண்டு முதல் இப்பகுதி களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகமாகவும் விளங்குகிறது. ஆதலின் தங்கும் நாட்களையும் வாகனங்களையும் வனத்துறை கட்டுப்படுத்துகிறது. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். புறப்படுமுன் விசாரித்து அறிவது நலம். முன்போல் பத்து நாள் தங்க இயலவில்லையே என்று முதியோர் வருந்துவதும் நியாயமே. ஆனால் நாம் ஒழுங்காக நடந்தால்தான் எஞ்சிய நாட்களையாவது கேட்டுப் பெறும் உரிமை நமக்கு உண்டாகும்.

இங்கேதான் கூட்டுறவு பயன்பட வேண்டும். தனித்தனியே செல்லாமல், ஐந்தாறு குடும்பங்கள் ஒரு குழுவாகச் செல்லலாம். பெரிய பாத்திரங்களும் தார்ப்பாயும் பொதுவாக இருந்தால் சுமையும் செலவும் குறையும். வாழையிலை நம் தோட்டத்திலேயே இருக்கிறது. பொருள்களைக் கொண்டுசெல்லப் பனையோலைப் பெட்டியும் துணிப்பையும் உண்டு. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பல பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019ஆம் ஆண்டு முதல் தமிழகத்தில் தடையும் உள்ளது. குடிலுக்கான கம்பை வீட்டிலிருந்தே கொண்டுசெல்லலாம். காட்டு மரத்தை வெட்டக் கூடாது. சோப்பும் ஷாம்பும் ஆற்றில் வேண்டாம். குழுவுக்கு ஒரு கோணிப்பை வைத்து, குப்பை அனைத்தையும் அதிலிட்டு ஊருக்கே திருப்பிக் கொண்டுவர வேண்டும். அடுப்பை நீர் ஊற்றி அணைத்தபின்னரே புறப்பட வேண்டும். ஆடியில் மலைமேல் மழை பெய்தால் ஆறு திடீரெனப் பெருகும். குழந்தைகளைத் தனியே நீரில் இறங்க விடலாகாது.

துணி விடுவது குடும்ப வழக்கமாயின், ஒரு புதிய கைத்தறித் துண்டை ஏழை ஒருவருக்கு உடுத்தக் கொடுக்கலாம். வழக்கமும் நிறைவேறும், நெசவாளிக்கும் ஒரு துண்டு விற்கும், ஆறும் தப்பும். மூத்தோர் மனம் உடனே இசையாதிருக்கலாம். பொறுமையோடு எடுத்துச் சொல்வோம். முதலில் நாமே செய்து காட்டுவோம்.

வரும் ஆடி அமாவாசைக்குப் புறப்படும் அங்கத்தினர்கள், சங்கத்தில் முன்கூட்டியே கூடிப் பேசிக் குழுக்களை அமைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். அரிசி மூட்டையோடு, குப்பைக்கென்று ஒரு காலிக் கோணியையும் மறவாமல் வண்டியில் ஏற்றுங்கள்.