வயலுக்குப் பிறந்த எழுத்து

சீன எழுத்துக்களுள் பயிர்நிலத்தைக் குறிப்பது மிக எளிய வடிவுடையது. ஒரு சதுரம், அதன் நடுவே நெடுக்காக ஒரு கோடும் குறுக்காக ஒரு கோடும். வரப்புகளால் நான்காகப் பிரிந்த கழனியின் ஓவியமே அது. நெல் விளையினும் தினை விளையினும், சீனர்க்குப் பயிர்நிலம் யாவும் இவ்வோர் எழுத்தே.

இவ்வெழுத்துக் கொரியாவை அடைந்தபோது அந்நாட்டு உழவரின் வழக்கோடு முழுதும் பொருந்தவில்லை. நீர் நிறுத்தி நெல் விளைவிக்கும் வயலைக் கொரியர் 'நொன்' என்பர். நீர் கட்டாத மேட்டுநிலத்தைப் 'பத்' என்பர். உழைப்பும் வேறு, விளைவும் வேறு. இரண்டையும் ஒரே எழுத்தாற் குறித்தால் நிலக்கணக்கு எவ்வாறு தெளிவுறும்?

'நீர்', 'நிலம்' என்னும் இரண்டு எழுத்துக்களை அடுத்தடுத்து எழுதுவது சீனர் முறை. கொரியரோ நீரெழுத்தை மேலும் நிலவெழுத்தைக் கீழுமாக அடுக்கி ஒன்றாக்கினர். அதன் ஒலி 'தப்', பொருள் நெல்வயல். சில்லா நாட்டு மன்னன் ஜின்ஹுங் கி.பி. 561இல் சாங்நியொங்கில் நிறுவிய கல்வெட்டிலேயே இவ்வெழுத்துக் காணப்படுகின்றது. யப்பானின் நாரா நகரிலுள்ள ஷோசோயின் பண்டகசாலையில் 1933இல் கிடைத்த சில்லா ஊர்க்கணக்கோ, நான்கு ஊர்களின் குடிகள், மாடுகள், குதிரைகள் ஆகியவற்றோடு வயலையும் மேட்டுநிலத்தையும் தனித்தனியே அளந்து கூறுகின்றது. புதிய எழுத்து வயலுக்கு உரியதாகவே, பழைய சதுரவெழுத்துக் கொரியாவில் 'ஜொன்' என்னும் ஒலியோடு மேட்டுநிலத்துக்கு உரியதாயிற்று.

யப்பானில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. அங்கே சதுரவெழுத்து நெல்வயலுக்கு நின்றது; மேட்டுநிலத்துக்கெனத் 'தீ'யெழுத்தையும் 'நில'வெழுத்தையும் இணைத்துப் புதிய எழுத்தொன்று ஆக்கப்பட்டது. கொரியர் நீரைச் சேர்த்தனர். யப்பானியர் தீயைச் சேர்த்தனர்.

'தப்' என்னுஞ் சொல் கொரிய மொழியில் ஆழ வேரூன்றியது. 'ஜொன்தப்' என்றால் மேட்டுநிலமும் வயலும் சேர்ந்த நிலவுடைமை. வாயிலின் எதிரே கிடக்கும் வளமான வயல் 'முன்ஜொன் ஒக்தப்'. செல்வத்துக்கு அதுவே எடுத்துக்காட்டு. 'சொன்சுதப்' என்பதன் நேர்ப்பொருள் 'வானநீர் வயல்'. குளமும் கால்வாயுமின்றி மழையையே நம்பிய மானாவாரி வயல் அது.

கொரியரின் சொந்த எழுத்தாகிய ஹங்குல் 1446இல் வெளியிடப்பட்டது. இன்று அவர்தம் அன்றாட எழுத்தில் சீன வடிவங்கள் அருகிவிட்டன. ஆயினும் தென்கொரிய நிலச்சட்டம் வகுத்த 28 நிலவகைகளுள் முதலாவது 'ஜொன்', இரண்டாவது 'தப்'. வடிவம் மறைந்தும், உழவரின் தேவையாற் பிறந்த வேறுபாடு நிலப்பதிவேட்டில் இன்றும் நிலைத்து நிற்கின்றது.