பழைய மோட்டார் வண்டியும் பதிவுப் புத்தகமும்

பதுளையிலிருந்து பசறைக்கும், பண்டாரவளையிலிருந்து அப்புத்தளைக்கும் செல்லும் தெருக்களின் இருமருங்கிலும் உள்ள தேயிலைத் தோட்டங்களில், பங்களாவுக்குப் பின்புறத்தில் ஒரு தகரக் கொட்டகையைக் காணலாம். ஒரு காலத்தில் அது துரையின் மோட்டார் வண்டி நின்ற இடம். சில கொட்டகைகளில் இன்றும் ஒரு மோரிஸ் மைனரோ, ஓர் ஆஸ்டினோ, சாக்குப் படங்கைப் போர்த்துக்கொண்டு நிற்கிறது. ஆசனத்துப் பஞ்சில் எலி குடியிருக்கும். சில்லுகள் மண்ணில் புதைந்திருக்கும். இத்தகைய வண்டியை மீண்டும் ஓடச் செய்வது அத்தனை கடினமான காரியமன்று. எஞ்சினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த கைகள் மலைநாட்டில் குறைவதில்லை. ஆனால் வண்டி ஓடத் தொடங்கிய அன்றே மற்றொரு கேள்வி எழுந்துவிடுகிறது: இது யாருடைய வண்டி?

முன்னாளில் இக்கேள்விக்கு அவ்வளவு அவசரம் இருக்கவில்லை. பழைய வண்டி பழைய இரும்பாகவே மதிக்கப்பட்டது. இன்று நிலைமை வேறு. வெளிநாட்டிலிருந்து பாவித்த வண்டியைக் கொண்டுவருவதற்கு இலங்கையின் இறக்குமதி விதிகள் வயதெல்லை வகுத்திருப்பதால், அறுபது எழுபது ஆண்டு வயதுள்ள வண்டியைச் சாதாரண முறையில் தருவித்துப் புதிதாகப் பதிவது இயலாது. ஆகவே ஏற்கெனவே நாட்டுக்குள் இருந்து, இலக்கமும் பதிவும் ஒழுங்காக உள்ள பழைய வண்டிக்கு விரும்பிகளிடையே நல்ல விலை உண்டு. அதே வண்டி, அதே நிறம், அதே எஞ்சின். பத்திரம் மட்டும் இல்லையென்றால் அது உதிரிப்பாகங்களின் குவியலே. ஒரு குடும்பம் நாற்பது ஆண்டு காத்த பொருள், ஒரு காகிதத்தின்மேல் நிற்கிறது.

அந்தக் காகிதம் எத்தகையது என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். காணிக்கு உறுதி உண்டு. உறுதியை நொத்தாரிசு எழுதுகிறார். முந்திய உறுதியின் இலக்கம் அதில் வருகிறது. இவ்வாறு கைமாறிய வரலாறு சங்கிலிபோல் தொடர்கிறது. மோட்டார் வண்டிக்கு அப்படிப்பட்ட உறுதி கிடையாது. 1927 ஆம் ஆண்டின் மோட்டார் வண்டிக் கட்டளைச் சட்டம், 1938 ஆம் ஆண்டில் வந்த அதன் வழித்தோன்றல், அதன்பின் இன்றுவரை திருத்தங்களுடன் நடைமுறையில் உள்ள 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் ஆகியவை வண்டிகளைப் பதிவதற்கு வகை செய்தன. இவற்றின் நோக்கம் வரி அறவிடுவதும், விபத்தோ குற்றமோ நேரும்போது பதில் சொல்ல ஓர் ஆளைக் கண்டுபிடிப்பதுமே. பதிவுப் புத்தகத்தில் பெயருள்ளவர் அரசாங்கத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். அவரே உண்மையான சொந்தக்காரராகவும் இருக்கலாம்; இல்லாமலும் இருக்கலாம்.

உண்மையான சொந்தம் எப்படி மாறுகிறது? இலங்கையில் வழங்கும் ரோமன் டச்சுச் சட்டத்தின்படி, அசையும் பொருளைக் கொடுக்கும் எண்ணத்தோடு ஒருவர் கையளித்து, மற்றவர் ஏற்றுக்கொண்டால் நன்கொடை நிறைவேறிவிடுகிறது. விற்பனையாயின் 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் ஆளுகிறது. அங்கும் இரு தரப்பாரின் எண்ணமே பிரதானம். இவ்வாறு சொந்தம் ஒரு வழியிலும் பதிவு வேறொரு வழியிலும் செல்கின்றன. இரண்டும் ஒருவர் கையில் சேர்ந்திருக்கும் வரை தொல்லையில்லை. பிரிந்துவிட்டாலோ, வண்டி ஒருவரிடமும் பெயர் மற்றொருவரிடமுமாக நின்றுவிடும்.

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்து பார்க்கலாம். 1972 ஆம் ஆண்டில் ஒரு துரை தாயகம் திரும்புகிறார். இருபது ஆண்டு தமக்கு வண்டியோட்டிய சாரதியை அழைத்து, தமது சொந்த மோரிஸ் மைனரின் திறப்பைக் கையில் கொடுக்கிறார். ஒரு தாளில் இரண்டு வரி ஆங்கிலத்தில் எழுதிக் கையொப்பமும் இடுகிறார். சாரதி அக்கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்துகிறார். சட்டத்தின் கண்ணில் அன்றே வண்டி சாரதியுடையதாகிவிட்டது. கடிதம் அதற்கு நல்ல சாட்சி. ஆனால் கைமாற்றத்தைத் திணைக்களத்துக்கு அறிவிக்கக் கொடுத்தவருக்கு ஒரு படிவமும் ஏற்றவருக்கு ஒரு படிவமும் உண்டு. அவற்றை யாரும் நிரப்பவில்லை. சாரதியின் பேரன் இன்று அந்த வண்டியைத் தன் பெயருக்கு மாற்றப் போனால், பதிவில் உள்ளவரின் கையொப்பத்தைக் கேட்கிறார்கள். பதிவுப் புத்தகம் தொலைந்ததென்றால், இரண்டாம் பிரதி கேட்கும் உரிமையும் பதிவில் உள்ளவருக்கே. அவரோ ஸ்கொத்லாந்தில் ஏதோவொரு தேவாலயத்து மயானத்தில் உறங்குகிறார். இத்தனைக்கும் அந்தத் துரை மனமுவந்து கொடுத்தவர். சாரதி நேர்மையாகப் பெற்றவர். குற்றம் செய்தவர் ஒருவருமில்லாத வழக்கு இது.

ஊவாத் தோட்டங்களில் இத்தகைய முறிவு ஒருமுறை மட்டும் நேர்ந்ததன்று. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று கணக்கிட்டுப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 ஆம் ஆண்டின் உடன்படிக்கை பாதி பாதியாக்கியது. தலைமன்னாரில் கப்பலேறியவர்களுள் லயக்காம்பிராவில் வாழ்ந்த ஏழைத் தொழிலாளரே மிகப் பலர். எனினும் கங்காணிமாரும், கடைக்காரரும், வாடகைக்குக் கார் ஓட்டியவர்களும் அக்கூட்டத்தில் இருந்தனர். அப்படிப் போனவர் தம் வண்டியை அவசரத்தில் அயலவருக்கு விற்று, பெயர் எழுதாத படிவத்தில் கையொப்பம் வைத்துக் கொடுத்திருப்பாராயின், அவருடைய வாரிசுகள் இன்று திருச்சியிலோ நீலகிரியிலோ இருப்பார்கள். மண்டபம் முகாமுக்குப் பிறகு அவர்களுடைய முகவரி யாருக்குத் தெரியும்?

1975 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம் கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. இலண்டனில் பதிவான கம்பனிகள் விலக, மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நிர்வாகத்தை ஏற்றன. 1992 ஆம் ஆண்டு முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் வந்தன. காணிக்குக் கணக்கிருந்தது, தொழிற்சாலைக்குக் கணக்கிருந்தது. கொட்டகையில் நின்ற பழைய லாண்ட்ரோவர் பழைய கம்பனியின் பெயரிலேயே பதிவில் தங்கியிருந்தால், அதை விற்கும் அதிகாரம் எவருக்கு என்பதை மூன்று நிர்வாகங்களின் கோப்புகளைப் புரட்டித்தான் கண்டறிய வேண்டும். தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஒருவர் கொடுக்கும் பற்றுச்சீட்டு அதற்குப் போதாது. தோட்டத்து வண்டியை வாங்க எண்ணுவோர் மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுவே. துரையின் சொந்த வண்டி வேறு. கம்பனி துரைக்குக் கொடுத்த வண்டி வேறு. இரண்டும் ஒரே கொட்டகையில்தான் நின்றன.

இவற்றுக்கு மேலாக 1983 ஜூலை மாதம். பதுளை நகரில் தமிழரின் கடைகளும் வீடுகளும் தீக்கிரையானபோது, எரிந்தவை சரக்குகள் மட்டுமல்ல. காணி உறுதி, பிறப்புச் சான்று, வண்டிப் பதிவுப் புத்தகம் யாவும் ஒரே இரும்புப் பெட்டிக்குள் இருந்தன. உறுதிக்குக் காணிப் பதிவகத்தில் பிரதி தேடலாம். விற்பனைக் கடிதத்துக்கு எங்கே பிரதி?

வண்டியின் பழைய வரலாற்றை அறிய இலக்கத் தகடே முதற் சாட்சி. இலங்கையில் வண்டிக்கு முதலில் கொடுத்த இலக்கம் அதன் ஆயுள் முழுதும் அதனோடு செல்வது. ஆதியில் ஒற்றை ஆங்கில எழுத்தோடு இலக்கங்கள் வழங்கின. பின்னர் ‘சிலோன்’ என்னும் ஆங்கிலப் பெயரின் எழுத்துகளை இரண்டிரண்டாகக் கோத்து, சி.இ., சி.எல்., சி.என்., இ.எல்., இ.என். என்றவாறு இலக்கத் தொடர்கள் வந்தன. 1957 அளவில் ஆங்கில எழுத்தின் இடத்தைச் சிங்கள ‘ஸ்ரீ’ பிடித்தது. அதனை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி நடத்திய போராட்டமும், 1958 இல் தகடுகளிலும் பெயர்ப் பலகைகளிலும் தார் பூசப்பட்டதும் வரலாறு. ஓர் எழுத்துக்காக நாடு அத்தனை துன்பப்பட்டது என்பதை இன்றைய இளைஞர் நம்பத் தயங்குவர். தகட்டில் அப்பழைய ஆங்கில எழுத்துத் தொடர் இருப்பின் வண்டி அக்காலத்துக்கு முன்னரே பதிவானது. ‘ஸ்ரீ’ இருப்பின் பின்னர்.

ஆனால் தகடு கழற்றி மாட்டக்கூடியது. அசையாத சாட்சி அடிச்சட்ட இலக்கமே. ஆஸ்டின் செவன் போன்ற முற்கால வண்டிகளில் தனியான இரும்புச் சட்டத்தின்மேல் உடல் அமர்ந்திருக்கும். 1948 இல் வெளிவந்த மோரிஸ் மைனருக்குத் தனிச்சட்டம் இல்லை, உடலே சட்டம். அதன் இலக்கம் எஞ்சின் மூடியைத் திறந்தால் எதிரே தெரியும் தகட்டுச் சுவரில், ஒரு சிறு தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். 1950களின் மைனர்களில் அவ்விலக்கத்துக்கு முன்வரும் எழுத்துகளே வண்டி இரு கதவா நான்கு கதவா, தொழிற்சாலையில் பூசிய நிறம் யாது என்பதைக் குறிப்பாகச் சொல்லும். பண்டைய செப்பேட்டை வாசிப்பதுபோல் இதை வாசிக்கப் பழகியவர்கள் இருக்கிறார்கள். எஞ்சின் இலக்கமோ அடிக்கடி பொருந்தாது. மலைத்தெருவில் உழைத்த வண்டிக்கு எஞ்சின் மாற்றியிருப்பது இயல்பு. மாற்றியதை அறிவிக்காமல் விட்டதும் அதைவிட இயல்பு. அதற்குப் பரிகாரம் உண்டு. அடிச்சட்ட இலக்கம் பொருந்தாவிட்டால் விஷயம் பாரதூரமானது. நொறுங்கிப்போன ஒரு வண்டியின் புத்தகத்தையும் இலக்கத்தையும் வாங்கி, பத்திரமற்ற வேறொரு வண்டியில் பூட்டுவது சிலருடைய வழக்கம். அதைப் பரிகாரம் என்று சொல்லித் தருவோரும் உளர். அது மோசடிக் குற்றம்; வண்டியும் போகும், மானமும் போகும்.

மற்றொரு தவறான நம்பிக்கை, பத்து ஆண்டு வைத்திருந்தால் வண்டி தனக்கே சொந்தமாகிவிடும் என்பது. 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் கூறும் பத்தாண்டு விதி காணி முதலிய அசையாச் சொத்துக்கானது. கொட்டகையைப் பத்தாண்டு ஆண்டவர் அதைக் கோரலாம். கொட்டகைக்குள் நிற்கும் வண்டிக்கு அந்த விதி செல்லாது.

இத்தொல்லை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. பிரித்தானியாவில் உள்ளூர்ச் சபைகள் வைத்திருந்த வண்டிப் பேரேடுகளை 1970களில் மத்திய கணினிக்கு மாற்றினார்கள். 1983 இல் அவ்வேலை முடிவுற்றபோது, கொட்டகையில் தூங்கிய வண்டிகளின் இலக்கங்கள் விடுபட்டுப் போயின. பழைய ஆவணத்தைக் காட்டி, அங்கீகாரம் பெற்ற வண்டிச் சங்கமொன்றின் சான்றுரையோடு விண்ணப்பித்தால் இலக்கத்தை மீட்கலாம் என்று அங்கு பின்னர் வழி வகுத்தனர். இந்தியாவில் 2021 ஆம் ஆண்டு மத்திய அரசு தனி விதிகளை வெளியிட்டது. முதற்பதிவு நடந்து ஐம்பது ஆண்டுக்கு மேலாகி, மூல வடிவம் மாறாதிருக்கும் வண்டிக்குத் தனி எழுத்துகளோடு கூடிய இலக்கம் கிடைக்கும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லுபடி. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய இலக்கத்தையே வைத்துக்கொள்ளலாம். அன்றாடப் பாவனைக்கு அவ்வண்டிகளை ஓட்டக் கூடாது. இவற்றுள் பிரித்தானிய முறையே மலைநாட்டு நிலைமைக்கு நெருக்கமாகத் தோன்றுகிறது. வண்டியை அறிந்தவர்களின் சாட்சியத்துக்கு அது இடமளிக்கிறது அல்லவா?

ஆயின் இங்கே செய்யக்கூடியது என்ன? வண்டியைத் துடைக்குமுன், நிறம் பூசுமுன், அடிச்சட்ட இலக்கத்தின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பிரதி எடுக்க வேண்டும். பழைய நிறப்பூச்சைச் சுரண்டும் வேகத்தில் இலக்கத்தையும் சுரண்டியவர்கள் உண்டு. அடுத்து, தகட்டு இலக்கத்தைக் கொண்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு விபரத்தைப் பெற வேண்டும். பதிவில் உள்ள சொந்தக்காரர் பெயருக்கு அருகே, தவணைக் கடன் கொடுத்த ஒரு கம்பனியின் பெயரும் இருக்கக்கூடும். கடன் ஐம்பது ஆண்டுக்கு முன்னரே தீர்ந்திருந்தாலும், அப்பெயர் நீங்கினாலன்றி மாற்றம் நடைபெறாது. அக்கம்பனி மறைந்துபோயிருந்தால் அதன் வழிவந்த நிறுவனத்தைக் கம்பனிப் பதிவாளரிடம் தேட வேண்டும்.

பதிவில் உள்ளவர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழும் வாரிசுகளின் சம்மதமும் தேவை. சொத்தின் பெறுமதி அதிகமாயின் மாவட்ட நீதிமன்றத்தின் நிர்வாகக் கடிதம் வேண்டியிருக்கும். வாரிசுகள் இந்தியாவில் இருப்பின் அவர்களுடைய சத்தியக் கடதாசியை அங்குள்ள இலங்கைத் தூதரக அலுவலகத்தின் வழியாக அத்தாட்சிப்படுத்திப் பெறுவது நன்று. ஒருவரையும் கண்டுபிடிக்க முடியாத இடத்தில், துரை கொடுத்த கடிதம், பழைய வரிப் பற்றுச்சீட்டு, காப்புறுதித் தாள், வண்டியை அறிந்த முதியோரின் சத்தியக் கடதாசி ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டு, சொந்தத்தைப் பிரகடனம் செய்யுமாறு மாவட்ட நீதிமன்றத்தை நாடுவதே நேரிய வழி. முதியோரின் சாட்சியத்தை அவர்கள் இருக்கும்போதே எழுதி வாங்க வேண்டும். வண்டி காத்திருக்கும், அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

பெயர் மாறிய பிறகு எஞ்சுவது வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம். இது மாகாணத்தின் பொறுப்பு; பிரதேச செயலகத்திலேயே பெறலாம். காப்புறுதியும், 2008 இல் தொடங்கிய புகைப் பரிசோதனையின் சான்றும் கேட்பார்கள். வண்டி ஓடாதிருந்த ஆண்டுகளுக்குப் பாவனையில் இல்லை என்று முன்னரே அறிவித்திருந்தால் நிலுவை இராது. அறிவிக்காதவர் நிலுவையையும் தண்டத்தையும் கணக்கிட்டுக் கொண்டு போக வேண்டும்.

கடைசியாக, இதைக் கேட்டுக்கொண்டிருப்போரில் எவரேனும் தம் பழைய வண்டியை இந்த மாதம் ஒருவருக்குக் கொடுப்பதாயின், இரண்டு படிவங்களையும் அன்றே நிரப்பி, வாங்குபவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், அடிச்சட்ட இலக்கம், திகதி ஆகியவற்றை எழுதி, ஒரு பிரதியைத் தாமும் வைத்துக்கொள்ள வேண்டும். பெயர் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டுக் கையொப்பம் இடவே கூடாது.