ஒரு பிடி மண்

பூகோள வகுப்பில் ஆஸ்திரேலியாவின் படத்தை விரித்தால், கடலோரமெங்கும் பெரிய நகரங்களின் பெயர்களைக் காண்கிறோம். உள்நாட்டுப் பகுதியோ பெரும்பாலும் வெறுமையாகவே காட்சி தருகிறது. நாட்டின் வடபகுதியில், அப்படி வெறுமையாகத் தோன்றும் ஓரிடத்தில் டாகுராகு என்னும் சிற்றூர் இருக்கிறது. குரின்ஜி என்ற பழங்குடி மக்களின் ஊர் அது. அது தோன்றிய வரலாறு நாம் அனைவரும் அறிய வேண்டிய ஒன்றாகும்.

குரின்ஜி மக்கள் தொன்றுதொட்டு விக்டோரியா ஆற்றை ஒட்டிய நிலத்தில் வேட்டையாடியும், கிழங்கும் கனியும் சேகரித்தும் வாழ்ந்தவர்கள். ஒவ்வொரு குன்றுக்கும் நீர்நிலைக்கும் அவர்களிடம் ஒரு கதை உண்டு. 1883-ஆம் ஆண்டில் வெள்ளையர் அங்கு மாட்டு மந்தைகளுடன் வந்து, வேவ் ஹில் என்ற பண்ணையை அமைத்தனர். நீர்நிலைகள் மாடுகளுக்கு உரியவையாயின. எதிர்த்தவர்கள் துப்பாக்கிக்கு இரையாயினர். 1914-இல் பண்ணை, வெஸ்டி என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் கைக்கு மாறியது.

நிலத்துக்கு உரியவர்களே அந்நிலத்தில் வேலைக்காரர்களானார்கள். ஆண்கள் குதிரையேறி மாடுகளை ஓட்டினார்கள். பெண்கள் பண்ணை வீட்டில் சமைத்தார்கள், துவைத்தார்கள், தோட்டத்துக்குத் தண்ணீர் சுமந்தார்கள். இதற்குக் கிடைத்ததெல்லாம் மாவு, சர்க்கரை, தேயிலை, இறைச்சி, சொற்பக் காசு. குனிந்து நுழைய வேண்டிய தகரக் குடிசைகளே அவர்களுடைய வீடுகள்.

1966 மார்ச்சில், பழங்குடித் தொழிலாளருக்கும் சம கூலி தர வேண்டும் என்று நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அது 1968 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வருமாம்! அதுவரை காத்திருக்க அவர்களுக்கு மனமில்லை. 1966 ஆகஸ்டு 23 அன்று, மாடு மேய்ப்போரின் தலைவரான வின்சென்ட் லிங்கியாரி எழுந்து நடந்தார். ஆண், பெண், குழந்தைகள் என ஏறக்குறைய 200 பேர் மூட்டை முடிச்சுகளுடன் பின்தொடர்ந்தனர்.

கூலியைச் சற்று உயர்த்தினால் திரும்பிவிடுவார்கள் என்று எண்ணியவர்கள் ஏமாந்தார்கள். அவர்கள் கேட்டது கூலியை மட்டுமல்ல. தங்கள் மண்ணையே கேட்டார்கள். 1967-இல் டாகுராகுவில் குடியேறி, தம் முன்னோரின் நிலத்தைத் திருப்பித் தரும்படி கவர்னர் ஜெனரலுக்கு விண்ணப்பம் அனுப்பினர். அது மறுக்கப்பட்டது. ஆயினும் அவர்கள் கல்லெறியவில்லை, கலைந்தும் போகவில்லை. ஓடைக்கரையில் குடிசை கட்டி, தோட்டம் போட்டு, அங்கேயே உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத்தாரும் நகரத்து மாணவர்களும் துணை நின்றனர்.

1975 ஆகஸ்டு 16 அன்று பிரதம மந்திரி கஃப் விட்லம் நேரில் வந்தார். குனிந்து ஒரு பிடி செம்மண் எடுத்து, லிங்கியாரியின் உள்ளங்கையில் பெய்தார். அக்காட்சியைப் படமெடுத்த மெர்வின் பிஷப்பும் ஒரு பழங்குடியினரே. 3,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நிலம் அன்று குத்தகையாக அவர்களிடம் வந்தது. மறு ஆண்டே வட ஆஸ்திரேலியப் பழங்குடியினருக்கான நில உரிமைச் சட்டம் பிறந்தது. 1986-இல் நிலம் முழு உரிமையுடன் அவர்களுடையதாயிற்று. 1988-இல் லிங்கியாரி கண்மூடினார். 2020-இல், வேவ் ஹில் பண்ணை நிலத்திலும் அவர்களது பூர்வீக உரிமையை நீதிமன்றம் ஏற்றது.

இன்று டாகுராகுவும் பக்கத்து ஊரான கல்காரிஞ்சியும் இரட்டை ஊர்களாக வாழ்கின்றன. இளையோர் பேசும் மொழி ஓர் அதிசயம்: வினைச்சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து பிறந்த கிரியோல் மொழியினுடையவை, வேற்றுமை உருபுகளோ குரின்ஜி மொழியினுடையவை. 2023 மார்ச்சில் பெருவெள்ளம் ஊர்களைச் சூழ்ந்தபோது மக்கள் தொலைவிலுள்ள டார்வின் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மாதங்கள் பல கழித்துத் தங்கள் மண்ணுக்கே திரும்பினர். ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில், முன்னோர் நடந்த பாதையில் சிறுவரும் முதியோரும் சேர்ந்து நடக்கிறார்கள்.

பொறுமை என்றால் வாய்மூடிக் கிடப்பது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நியாயம் இதுதான் என்று சொல்லிவிட்டு, அந்த இடத்தைவிட்டு அசையாமல் ஒன்பது ஆண்டுகள் உட்கார்ந்திருப்பதும் பொறுமைதான். அடுத்த முறை ஆஸ்திரேலியாவின் படத்தை விரிக்கும்போது, அங்கே வெறுமையான இடம் ஏதும் இல்லை என்பதை நாம் நினைவில் கொள்வோம்.