இரண்டாவது புகைபோக்கி

சுவரோரப் பெட்டிக்குள் சமையலறைக் குழாய்கள் ஏறுகின்றன. மாடியில் குடியிருப்பவர்கள் கவலைப்பட வேண்டிய விஷயம் இது.

தெற்குக் கொல்கத்தாவின் ஹிந்துஸ்தான் பார்க், பூர்ண தாஸ் ரோடு பகுதிகளில் நடப்பவர்களுக்குப் பழகிப்போன காட்சி. சிவப்புத் தரையும் பச்சை மரச் சன்னல்களுமாக இருந்த பழைய வீட்டின் கீழ்த்தளம் உணவகமாகியிருக்கும். மேலே குடும்பங்கள். பக்கத்துச் சந்தில், சுவரை ஒட்டி மொட்டைமாடி வரை நீளமாக ஒரு பெட்டி. சுவரின் நிறத்திலேயே வர்ணம் பூசப்பட்ட அந்தக் கூண்டுக்குள்தான் புகைபோக்கி ஏறுகிறது.

பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. துருப்பிடித்த குழாய் கண்ணில் படாது. மழையும் நேரடியாக விழாது. ஆனால், கூண்டை எதனால், எப்படிக் கட்டினார்கள் என்பதை மாடியில் இருப்பவர்கள் கேட்பது அபூர்வம்.

புகையோடு இந்த நகரத்தின் மல்லுக்கட்டு பழையது. கல்கத்தாவுக்கும் ஹௌராவுக்குமான புகைத்தொல்லைச் சட்டம் 1863-லேயே வந்துவிட்டது. அடுத்து 1905-ல் வங்காளப் புகைத்தொல்லைச் சட்டம். ஆலை உலைகளைக் குறிவைத்த இந்தச் சட்டம் இரண்டு தீயைத் தொடவில்லை: ஒன்று சிதைத் தீ, மற்றது வீட்டுச் சமையல் அடுப்பு. வங்காளிகளின் நிலக்கரி 'உனுன்' முற்றத்திலும் கொல்லையிலும் புகைந்துகொண்டிருந்தது. பெரிய ஓட்டல் சமையலுக்கான புகைபோக்கி அந்த வீடுகளின் திட்டத்தில் இல்லை. எனவே இன்று அதை வெளிச்சுவரில்தான் ஒட்டவைக்க வேண்டியிருக்கிறது.

குளிர்நாடுகளிலும் வீட்டுக்கு வெளியே கூண்டு கட்டிப் புகைபோக்கியை உள்ளே வைக்கிறார்கள். அங்கே காரணம் வேறு. பனியில் குழாய் குளிர்ந்தால் புகை மேலே இழுபடாது. தார் போன்ற கசடு உள்ளே படியும். அதனால் கூண்டுக்கு வெப்பக் காப்பு கொடுக்கிறார்கள். மரச்சட்ட வீடுகளில் தளத்துக்குத் தளம் குழாயைச் சுற்றித் தீத்தடுப்புத் தகடும் வைக்கிறார்கள். கொல்கத்தாவின் மார்கழிக் குளிருக்கு இந்தக் காப்பு தேவையில்லை. இங்கே கூண்டு பெரும்பாலும் மறைப்பதற்குத்தான். ஆபத்து மட்டும் அதேதான்.

அந்த ஆபத்து இயற்பியல் பாடம். வெப்பக் காற்று மேலே ஏறும். உயரமான, குறுகலான, காலியான இடம் கிடைத்தால் வேகமாக ஏறும். குழாய்க்கும் கூண்டுக்கும் இடையிலுள்ள வெற்றிடம் அப்படிப்பட்ட இடம். அதாவது, கூண்டே இரண்டாவது புகைபோக்கி.

ஓட்டல் குழாயின் உட்புறம் எண்ணெய்ப் பிசுக்கு படியும். அடுப்பிலிருந்து எழும் தீ அதைப் பற்றிக்கொண்டால் குழாய் பழுக்கக் காயும். கூண்டு பிளைவுட்டாகவோ, நடுவில் பாலிஎத்திலீன் வைத்த ஏசிபி ஷீட்டாகவோ இருந்தால் தீக்குத் தீனி கிடைத்துவிடும். 2017 ஜூனில் லண்டனின் கிரென்ஃபெல் டவரில் 72 பேர் மாண்டபோது, தீ பரவியது இத்தகைய வெளிப்பூச்சுப் பலகைகள் வழியாக. பலகைகளுக்குப் பின்னாலிருந்த இடைவெளி தீ ஏறப் பாதையானது.

இதே கொல்கத்தாவின் டாக்குரியாவில் 2011 டிசம்பர் 9-ல் நடந்த ஆம்ரி மருத்துவமனை விபத்தையும் மறக்க முடியாது. அது புகைபோக்கியால் வந்ததல்ல. தீ பிடித்தது அடித்தளத்தில். ஆனால் புகை மேல்மாடிகளுக்குப் பரவி, சுமார் 90 பேரைப் பலிகொண்டது. அவர்களில் பெரும்பாலோர் மூச்சுத்திணறி இறந்தார்கள்.

தீர்வு ஒன்றும் ரகசியமல்ல. 2016-ம் ஆண்டின் தேசியக் கட்டட நெறிமுறை, குழாய்களும் கேபிள்களும் செல்லும் கூண்டுகள் குறைந்தது 120 நிமிடம் தீயைத் தாங்க வேண்டும் என்கிறது. ஓட்டல் சமையலறைகளுக்கான அமெரிக்கத் தரவிதி (என்எஃப்பிஏ 96), பிசுக்குக் குழாய்க்கும் எரியக்கூடிய பொருளுக்கும் 18 அங்குல இடைவெளி கேட்கிறது. குழாய் 1.37 மி.மீ. எஃகாக இருந்து, மூட்டுகள் கசியாமல் வெல்டிங் செய்யப்பட வேண்டும். கரி தந்தூர் போன்ற அடுப்பென்றால் மாதந்தோறும் பரிசோதனை. அதற்குக் குழாயில் மூடி வைத்த திறப்புகளும், அவற்றை எட்டக் கூண்டில் கதவுகளும் தேவை.

அழகு கெடும் என்று பலியாவது பெரும்பாலும் இந்தக் கதவுகள்தான். கதவில்லாத கூண்டுக்குள் பிசுக்கைச் சுரண்ட முடியாது. துரு பிடித்ததும் தெரியாது. ஐப்பசிவரை மழையும் ஈரமும் விடாத ஊரில் தகரத்துக்கு ஆயுசும் குறைவு. மொட்டைமாடியில் துணியும் வடகமும் உலர்த்தும் வழக்கம் இங்கே இன்னும் இருப்பதால், புகை வாய் கைப்பிடிச் சுவரைத் தாண்டி உயர்ந்திருப்பதும் அவசியம்.

செங்கல் வைத்துக் கட்டினால் செலவு கூடும்; சந்தில் இடமும் போகும். செலவை யார் ஏற்பது என்று வீட்டுக்காரரும் ஓட்டல்காரரும் பேசித் தீர்ப்பார்கள். மாடியில் தூங்குபவர்கள் அந்தப் பேச்சில் இருப்பதில்லை. அவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கூண்டைத் தட்டிப் பார்க்கலாம். பலகைச் சத்தம் கேட்டால், அது எதனால் ஆனது, கதவு எங்கே, கடைசியாக என்றைக்குத் திறந்தார்கள் என்று கீழே இறங்கிப் போய்க் கேட்கலாம்.