மலையிறங்கும் முன்

கொல்லிமலைக் குண்டூர் நாட்டிலிருந்து வெளிநாட்டுப் பயணம் 70 கொண்டை ஊசி வளைவுகளில் தொடங்குவதில்லை, ஆவணங்களில் தொடங்குகிறது. சிங்கப்பூர் பொழுதுபோக்குப் பூங்காவுக்குக் குடும்பத்துடன் செல்லத் திட்டமிட்டபோது இதை உணர்ந்தேன். சிறார் கடவுச்சீட்டு பொதுவாக 5 ஆண்டுகளே செல்லும். அந்நாட்டில் நுழைய 6 மாதமாவது மீதமிருக்க வேண்டும். என் மகளுடையதில் நான்கே மாதங்கள் இருந்தன. பயணச்சீட்டு வாங்கும் முன்னரே பார்த்ததால் ஒரு மிளகு அறுவடையின் வருமானம் தப்பியது.

இந்தியருக்கு விசா கட்டாயம். வருகை அட்டையோ இலவசம். சென்றடைவதற்கு முந்தைய 3 நாள்களுக்குள் அரசு இணையதளத்தில் நிரப்பலாம். கட்டணம் கேட்கும் தளங்களை நம்பவேண்டாம். யுனிவர்சல் ஸ்டுடியோஸில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரிக்குக் குழந்தையின் உயரம் குறைந்தது 102 செ.மீ. வேண்டும். வீட்டுச் சுவரிலேயே அளந்துவிடுங்கள். வரிசையின் முடிவில் திருப்பியனுப்பப்படும் பிள்ளைக்கு எந்த ஆறுதலும் போதாது.